வேலாயுதம் அண்ணையின் வலது கை

வேலாயுதம் அண்ணை போய்விட்டார். இன்று காலை நமுனுகுல தேயிலைத் தோட்டத்திலிருந்து அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள்.

2000களின் தொடக்கம். பதுளையில் ஒரு சின்ன வேர்க்ஷொப்பில் நாங்கள் மூன்று பேர் செயற்கைக் கை செய்துகொண்டிருந்தோம். அதைப் போட்டுப் பார்க்க முதலில் வந்தவர் அண்ணை. தேயிலை ஃபெக்டரி ரோலரில் வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது.

தசை இறுகும்போது அதில் மிகச் சின்ன மின்சாரம் உண்டாகும். தோலில் வைக்கிற எலெக்ட்ரோட் அதைப் பிடித்தால்தான் கை மூடும். அந்த எலெக்ட்ரோட் என் பொறுப்பு.

முதல் நாள் ஸ்க்ரீனில் வெறும் நேர்கோடு. உள்ளே நரம்பே போய்விட்டதோ?

"விரலை மடக்கிறதா நினையுங்கோ அண்ணை."

"இல்லாத வெரல எப்புடி மிஸ் மடக்குறது?"

"சரி, பசறை பஸ்ஸில நிண்டு போறீங்கள். வளைவு வருது. கம்பியைப் பிடியுங்கோ."

"ஐயோ, அதுல புடிக்காட்டி ரோட்டுலதான் கெடக்கணும்!"

சிரித்துவிட்டுக் கண்ணை மூடினார். கோடு துள்ளியது. திரும்பப் பிடிக்கச் சொன்னேன். திரும்பவும் துள்ளியது.

ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என் கையா மிஸ்?"

கையைப் பொருத்தி வீட்டுக்குக் கொண்டுபோன முதல் வாரமே வேர்வையில் எலெக்ட்ரோட் வழுக்கி, கை தானாகத் திறந்து, தேத்தண்ணிக் கிளாஸ் உடைந்தது. "வேர்த்தா எம் பேச்சக் கேக்க மாட்டேங்குது மிஸ்."

வெள்ளித் தகட்டைக் குழிவாக்கி, பட்டியை மாற்றி... எத்தனை தடவை செய்தேனோ. ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி வந்தார்.

ஏன் இவ்வளவு பாடுபடுகிறார் என்று ஒருநாள் கேட்டேன். மனைவி விடியவே வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போய், அப்படியே கொழுந்தெடுக்கப் போய்விடுவாராம். மகளுக்குத் தலை பின்னிவிட்டது இவர்தான். கை போன பிறகு பிள்ளையின் முடியைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள்.

"மறுபடி வளக்கணும்ங்குது மிஸ்."

முடி வளர்ந்தது. நாங்கள் செய்த கை ரிப்பனின் ஒரு நுனியைப் பிடிக்க, இடது கை முடிச்சுப் போட்டது. கோணல் சடையோடு பிள்ளையைக் கூட்டி வந்து காட்டினார். நாங்கள் மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு அந்தச் சடையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சில வருடங்களில் கையின் மோட்டார் பழுதானது. மாற்றுப் பாகம் எங்கும் கிடைக்கவில்லை. அண்ணை அதற்காக ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி போன் வரும்.

கடைசியாகப் பேசியபோது, "இன்னும் கை செய்றீங்களா மிஸ்?" என்றார்.

"செய்யிறன் அண்ணை."

"செய்யுங்க... செய்யுங்க."

நாளை பின்னேரம் தோட்டத்திலேயே அடக்கம்.

வாறன் அண்ணை... வழியனுப்பி வைக்க.