ஒன்பது கூடைகள், எண்பத்து மூன்று எறிகள்

ஏப்ரல் பள்ளி விடுமுறையில் கணவரின் நண்பர் ஒருவருடைய ரோட்டோருவா வீட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். கணவர், பதினொரு வயது மகள், நான். ஒக்லாந்தின் ஏவன்டேலில் வாடகைக்கு வீடெடுத்து மூன்று வருடமாகியும் நகரை விட்டு அவ்வளவு தூரம் நாங்கள் போனது அதுதான் முதல்முறை. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தோம்.

ஹமில்டன் தாண்டி ஒரு சின்ன ஊரில் கால் நீட்ட நிறுத்தினோம். ஒரே ஒரு தெரு. டெய்ரி என்று இங்கே சொல்கிற ஒரு சின்னப் பலசரக்குக் கடை, பெட்ரோல் நிலையம், அவற்றுக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஒரு பூங்கா. டெய்ரிக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போன மகள் மூன்று பிளாஸ்டிக் தட்டுகளோடு திரும்பி வந்தாள். பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் விளையாடலாமாம், கடைக்காரப் பெண் தட்டுகளை இரவல் தந்தாளாம்.

கோல்ஃப் என்று சொன்னாலும் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒன்பது இரும்புக் கம்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கூடை, கூடைக்கு மேலே வட்டமாகத் தொங்கும் சங்கிலிகள். தட்டை எறிந்து கூடைக்குள் விழுத்த வேண்டும். விழுந்த இடத்திலிருந்து திரும்ப எறியலாம். ஒன்பதையும் குறைந்த எறிகளில் முடிப்பவருக்கு வெற்றி.

மகள் ஒரு தட்டைத் தகப்பனிடம் கொடுத்தாள், ஒன்றைத் தான் வைத்துக்கொண்டாள். மூன்றாவதைத் தன் பைக்குள் போட்டாள்.

"அது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்டு துலைஞ்சால் பாவிக்க," என்றார் கணவர், பூங்கா ஓரத்து மர இருக்கையைக் காட்டி. "நீர் அந்த வாங்கிலை இரும். நாங்கள் அரை மணித்தியாலத்திலை வந்திடுவம்."

"அம்மா எறியமாட்டா, பையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும்," என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. மழை வரும், வெயில் எறிக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்குச் சுட்டது. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி பெட்டி தூக்குகிற கை என்னுடையது. அதற்கு ஒரு தட்டை எறியத் தெரியாது என்று இவர்கள் எப்படி முடிவு கட்டினார்கள்?

"எனக்கும் தா," என்றேன்.

முதல் எறி எனக்குப் பின்னால் போனது. எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது. பின்னால் நின்ற கணவர் குனிந்ததால் தப்பினார். இரண்டாவது நேரே நிலத்தில் குத்தியது. மூன்றாவது உருண்டு உருண்டு முள்பற்றைக்குள் நுழைந்தது. அவர்கள் இருவரும் நாலைந்து எறிகளில் முதல் கூடையை முடித்துவிட்டு அடுத்த கம்பத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்து எண்டு எழுதிப்போட்டு வாரும்," என்று கணவர் கூப்பிட்டார்.

"கூடைக்கை விழாமல் நான் அங்காலை வரமாட்டன்."

பதினான்காவது எறியில் விழுந்தது. எழுதச் சொன்னேன். எறிகளைக் குறிக்கிற அட்டையில் மகள் பதினான்கு என்று எழுதினாள்.

மூன்றாவது கூடையடியில் ஊர்ப் பிள்ளைகள் நாலுபேர் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் நீளப் பாவாடையோடு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு எறிந்துகொண்டிருந்தேன். மகள் கிட்ட வந்து, "அம்மா, ஆக்கள் பாக்கினம்," என்று பல்லைக் கடித்தாள்.

"பாக்கட்டும்."

"போவமே?"

"நீ போய்க் காருக்கை இரு. நான் முடிச்சிட்டு வாறன்."

அவள் போகவில்லை. கொஞ்சநேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு பொறுக்கமுடியாமல், "கையைச் சுழட்டாதேங்கோ. தட்டைப் பாக்காமல் சங்கிலியைப் பாருங்கோ," என்றாள். பார்த்தேன். தட்டு சங்கிலிக்குக் கிட்டவாகவும் போகவில்லை, ஆனால் முதன்முறையாக நேரே பறந்தது. சைக்கிள் பிள்ளைகளில் ஒருத்தி கைதட்டினாள். கேலியா பாராட்டா என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

ஆறாவது கூடையில் மழை பிடித்தது. கணவர் மரத்தடிக்கு ஓடினார். "சாப்பாட்டோடை காத்துக்கொண்டிருப்பினம். விசரே உமக்கு?" என்று அங்கிருந்து சத்தம் போட்டார்.

"பெட்ரோல் ஸ்டேசனிலை போன் பெட்டி இருக்கு. பிந்தும் எண்டு சொல்லுங்கோ."

போன் பெட்டிப் பக்கம் மழைக்குள் ஓடினார். மகளும் நானும் நனைந்தபடி ஆறையும் ஏழையும் எட்டையும் முடித்தோம். தட்டு ஈரத்தில் வழுக்கியது. ஒவ்வொரு எறிக்கும் முன்னால் மகள் தன் சட்டையின் உள்பக்கத்தால் அதைத் துடைத்துத் தந்தாள். நான் கேட்கவில்லை.

ஒன்பதாவது கூடை ஓடைக்கு அந்தப் பக்கம். இருபது அடி அகலம் இருக்கும், பெரிய தண்ணீர் இல்லை. முதல் எறி தண்ணீருக்குள் போனது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி எடுத்தேன். தண்ணீர் ஐஸ் போல இருந்தது. இரண்டாவதும் தண்ணீருக்குள். மூன்றாவதும். திரும்பி வந்திருந்த கணவர், "அந்தக் கரையிலை நிண்டு எறியுமன், ஆர் கேக்கப்போகினம்?" என்றார்.

"நான் கேப்பன்," என்றேன். தட்டை உதறிக்கொண்டு எறிந்த இடத்துக்கே திரும்ப வந்தேன்.

நாலாவதும் தண்ணீர். ஐந்தாவது போய் அந்தக் கரைப் புல்லில் விழுந்ததும் மகள் போட்ட சத்தத்தில் வாத்துகள் எழும்பிப் பறந்தன. மரப்பாலத்தால் மூவரும் ஓடினோம். இன்னும் நாலு எறி. கடைசியில் சங்கிலி கலகலவென்று குலுங்க, தட்டு கூடைக்குள் விழுந்தது.

மகள் அட்டையைக் கூட்டினாள். அவளுக்கு முப்பத்தெட்டு, தகப்பனுக்கு நாற்பத்தொன்று, எனக்கு எண்பத்து மூன்று. அரை மணித்தியால விளையாட்டு இரண்டே முக்கால் மணித்தியாலமாகியிருந்தது. நண்பர் வீட்டில் நாலு மணிக்கு ஆறின சோறு சாப்பிட்டோம். மறுநாள் வலது கையால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. கணவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் திரும்பும்போது அந்த ஊர் வந்ததும், "நிப்பாட்டுங்கோ," என்றேன். கணவர் காரை நிறுத்தி, இருக்கையைச் சரித்துக் கண்ணை மூடிக்கொண்டார். மகளும் நானும் இறங்கிப்போய்த் தட்டுகளை இரவல் வாங்கினோம்.

ஐந்தாவது கூடையை நான் ஆறு எறிகளில் முடித்தேன். மகளுக்கு ஏழு. அவள் கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காத்து அடிச்சது. இதை மட்டும் திரும்ப எறிவம்," என்றாள்.

"இல்லை," என்றேன். "எழுது."