வேணாம் என்று சொல்லிக்கொடுத்த மிஸ்

மழலையர் பள்ளியில் அவளைச் சுருட்டை மிஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தலைமுடி அப்படி. நாலு வயசுப் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை, ஆனால் அவளுக்கு அது கைவந்த கலை. யாரையும் அடித்ததில்லை, அதட்டியதும் குறைவு. அந்தப் பெருமையும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

அந்த வருஷம் வந்து சேர்ந்தான் பிசின். ஆயா வைத்த பட்டப்பெயர். ஆளைக் கண்டால் போதும், ஓடிப்போய் ஒட்டிக்கொள்வான். பக்கத்துப் பிள்ளையின் தோளில் கன்னத்தைத் தேய்ப்பான், கேட்காமலே மடியில் ஏறி உட்காருவான். அம்மா வேலைக்காக வேற ஊரில் இருந்தாள். வீட்டில் பஸ் ஓட்டும் அப்பா மட்டும்தான். ஒருநாள் பாசம் பொத்துக்கொண்டு வந்து ஒரு சிறுமியை இறுக்கிப் பிடித்தான். ரெண்டு பேரும் உருண்டு விழுந்ததில் அவள் உதடு கிழிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அந்தச் சிறுமியின் அம்மா பள்ளி வாசலில் நின்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். "அந்தப் பையனைக் கட்டுக்குள்ள கொண்டு வர்றீங்களா, இல்ல நான் என் பொண்ணை வேற இடத்துல சேர்க்கட்டுமா?"

தலைமை ஆசிரியை மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது.

மிஸ் பிளாஸ்டிக் வளையங்களைக் கொண்டுவந்து தரையில் பரப்பினாள். ஆளுக்கு ஒன்று.

"இதுதான் உங்க வீடு. அடுத்தவங்க வீட்டுக்குள்ள திடுதிப்புனு நுழையலாமா?"

"கூடாது மிஸ்!"

"டொக் டொக், வரலாமான்னு கேக்கணும். வாங்கன்னா போகலாம். இப்ப வேணாம்னா, சரின்னு திரும்பி வந்துடணும். கோவிச்சுக்கக் கூடாது."

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. வகுப்பில் தள்ளுமுள்ளு குறைந்தது. பிசின்கூடக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உதடு கிழிந்த சிறுமியிடம் போய் "டொக் டொக்" என்றான். "இப்ப வேணாம்" என்றாள். அது நியாயம். அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான். பிசின் வந்தால் வேணாம் என்பதே ஒரு விளையாட்டாகிப் போனது. அவன் வளையம் வளையமாகக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தன் வளையத்துக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மிஸ் அதைப் பார்த்தாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. வகுப்பு சத்தமில்லாமல் இருந்ததே, அதுவே போதும் என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் மதியம் அந்தச் சிறுமியின் அம்மா மகளைக் கூட்டிப்போக வந்து கதவருகே நின்றிருந்தாள். சுவரில் படம் ஒட்டிக்கொண்டிருந்த மிஸ்ஸின் பக்கத்தில் பிசின் வந்து நின்றான்.

"டொக் டொக், மிஸ்."

அந்த அம்மாவின் கண் தன் முதுகில் இருப்பது மிஸ்ஸுக்குத் தெரிந்தது. "இப்ப வேணாம்பா" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"சரி" என்றான். கோவிச்சுக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் வகுப்பில் அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பிசினின் அப்பா டிரைவர் சட்டையோடு வந்தார். "ரொம்ப நன்றி மிஸ். வீட்லயும் மரியாதையா இருக்கான். முன்னெல்லாம் நான் உக்காந்தா போதும், கழுத்தைக் கட்டிக்குவான். நேத்து கட்டில் பக்கத்துல நின்னு வரலாமான்னு கேட்டிருக்கான் போல. நான் அசதியில தூங்கிட்டேன். காலையில பார்த்தா தரையில சுருண்டு கிடக்கான். ஏண்டான்னா, 'நீங்க வாங்கன்னு சொல்லலியேப்பா'ங்கிறான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"நன்றி சொல்லாதீங்க சார். தப்பு என் மேலதான். இங்க எல்லாப் பிள்ளைங்களும் அவனை வேணாம்னாங்க. நான் பார்த்துட்டு சும்மா இருந்தேன். அப்புறம் நானும் வேணாம்னேன்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "ஒட்டிக்கிறதுக்கு அவனுக்கு யாரு மிஸ் இருக்கா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் மிஸ் விட்டுப்போன பாதியைச் சொல்லிக்கொடுத்தாள். வேணாம் என்று சொன்னால், வேற என்ன செய்யலாம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பக்கத்தில் உட்காரலாம், சேர்ந்து வரையலாம். பிறகு பிசினின் வளையத்துக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"டொக் டொக். வரலாமா?"

"இப்ப வேணாம் மிஸ்."

சுருக்கென்று குத்தியது. ஆனால் சட்டம் அவள் போட்டதாச்சே. "சரி" என்று வெளியே உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகும் தினமும் கேட்டாள். தினமும் அதே பதில்தான்.

உதடு ஆறிய சிறுமிதான் முதலில் இளகினாள். "கட்டிப்பிடிக்கக் கூடாது. வேணும்னா இங்க உக்காந்துக்கோ" என்று வளையத்துக்குள் நகர்ந்து இடம் கொடுத்தாள். ரெண்டு பேரும் முட்டியோடு முட்டி இடிக்க, ஒரே தாளில் ஏதோ கிறுக்கினார்கள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டில் மறுபடி கழுத்தில் தொங்குகிறான் என்று அப்பாவும் வந்து சொன்னார்.

மிஸ்ஸிடம் மட்டும் அவன் பழையபடி வரவில்லை. வரைந்ததைக் காட்டுவான், கதை கேட்பான், எல்லாம் ஒரு கை தூரத்தில் நின்றுதான். இழுத்து மடியில் வைத்தால் உட்கார்ந்திருப்பான். அவள் இழுக்கவில்லை.

வருஷம் முடிந்து பெரிய பள்ளிக்குக் கிளம்பிய அன்று, மற்ற பிள்ளைகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவன் கையை மட்டும் நீட்டினான். அவள் அதை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் விடும்வரை பிடித்திருந்தாள். சீக்கிரமே விட்டுவிட்டான்.