கணக்கில் எடுக்காத ஜுரம்

சென்ற ஆண்டு ஐப்பசி. ஆரணியில் எங்கள் வீட்டுத் தறியில் ஒரு கல்யாணப் பட்டு பாதியில் நின்றிருக்க, நானும் என் கணவரும் வேலூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். என் மடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய நாலு கண்ணாடித் தகடுகள்.

அவருடைய நுரையீரலில் ஊசி விட்டு எடுத்த கடுகளவு சதை அந்தத் தகடுகளில் இருந்தது. இருமல் நிற்கவில்லையே என்று ஸ்கேன் எடுத்தோம். ஏதோ திட்டு தெரிகிறது என்றார்கள். சதையைப் பரிசோதித்துப் புற்றுநோய் என்று ரிப்போர்ட்டும் கொடுத்துவிட்டார்கள். நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டுமாம். பீடி, சிகரெட் பக்கமே போகாத மனிதர்! எனக்கு வந்த கோபத்தில் வீட்டுச் சாமி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

வேலூரில் ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டர், தங்கள் லேபிலும் ஒருமுறை பார்க்கட்டும் என்று தகடுகளை வாங்கிக்கொண்டார். மறுநாளே கூப்பிட்டார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டரம்மா எங்களை எதிரில் உட்காரவைத்து, இதற்கு முன்னால் ஜுரம், சளி ஏதாவது வந்ததா என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன் பட்டென்று. போன இடத்திலெல்லாம் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

அவர் விடவில்லை. "நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா."

அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். "ஆவணியில பத்து நாளு ஜுரம் இருந்திச்சிங்க. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுகினு நெய்ஞ்சிகினுதான் இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம்! எங்கள் தெருவில் தறியில் உட்கார முடிந்தால் அது ஜுரமே இல்லை. படுத்தால்தான் நோய். அந்தப் பத்து நாளை நான் நோய்க் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். நிமோனியா வந்து ஆறிக்கொண்டிருக்கும் நுரையீரலில் செல்கள் வீங்கி, உருமாறி, அச்சு அசல் புற்றுநோய் மாதிரியே தெரியுமாம். சதைத் துண்டு சிறியதென்றால் பிரித்துச் சொல்வது ரொம்பக் கஷ்டமாம். முதலில் ரிப்போர்ட் கொடுத்தவரைத் திட்ட வாயெடுத்தேன். "அவருக்கு யாரும் ஜுரத்தைச் சொல்லலையேம்மா" என்றார்.

அன்று மதியமே மறுபடி ஸ்கேன். ஐயோ, என்ன சொல்வேன்! திட்டு பாதியாகச் சுருங்கியிருந்தது! புற்றுநோயாக இருந்தால் மருந்தே இல்லாமல் இப்படிச் சுருங்காது என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், அந்த வராண்டாவிலேயே ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். "ஏய், இன்னாடி இது, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தவரின் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

ஆபரேஷன் ரத்து. மாத்திரையோடு வீடு திரும்பினோம். தை மாத ஸ்கேனில் திட்டு இருந்த சுவடே இல்லை.

இப்போதெல்லாம் டாக்டர் கேட்டால் தும்மலைக்கூட விடாமல் ஒப்பிக்கிறேன். நான் சொன்ன ஒரு 'இல்லை'யை நம்பி அவர் நெஞ்சைத் திறக்கவிருந்தார்களே என்று நினைத்தால், பக்கத்தில் தூங்கும் அவர் மூச்சுவிடுகிற சத்தத்தை இன்றைக்கும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுகிறேன்.