பதினெட்டுப் புள்ளி

விருதுநகர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், வத்தல் மண்டி ஒன்றின் மாடியில் மூன்று அறைகள். அதுதான் ஜெயச்சந்திரனின் சாஃப்ட்வேர் கம்பெனி. இசைவாணி அங்கே வேலைக்குச் சேர்ந்தது 2008இல். சாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆலைக்குப் போய்த்தான் அவளை எம்.சி.ஏ. படிக்க வைத்திருந்தார்கள். கீழேயிருந்து மிளகாய் நெடி ஏறும்போதெல்லாம் தும்மிக்கொண்டே புரோகிராம் எழுதுவாள்.

அடுத்த வருடம் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. மருந்து அறைகளை விட்டு வெகுதூரம் தள்ளி, வாசல் அறைச் சுவரில் ஒரு தொடுதிரை போனைப் பொருத்த வேண்டும். வேலைக்கு வருகிறவர் தன் எண்ணை அடித்து 'உள்ளே' பட்டனை அழுத்துவார். போகும்போது 'வெளியே'. ஆலைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எந்த நேரமும் பட்டியல் நிற்கும். தீப்பிடித்தால் யாரைத் தேடுவது என்று தெரிந்துவிடும்.

இந்த வேலை இசைவாணிக்குப் பிடித்திருந்தது. அந்தப் போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடைந்ததால் இரண்டு சொற்களையும் படமாக வரைந்து பட்டனில் ஒட்டினாள். பிறகு இரண்டு நாள் வாசல் அறையில் உட்கார்ந்து பார்த்தாள். பெண்கள் ஒரு கையில் தூக்குச்சட்டியோடு வந்து மறு கையின் கட்டைவிரலால் அழுத்தினார்கள். சாயங்காலம் அதே விரலில் அலுமினியப் பவுடர் வெள்ளி பூசினாற்போல ஏறியிருந்தது.

"ஏந்தாயி, எழுத்த இம்புட்டுப் பொடிசா வச்சா எங்க விரலு எங்கன போயி விளும்?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி. குழாய்க்குள் மருந்து அடைக்கும் வேலை அவளுக்கு.

"எழுத்தச் சுத்தி இடம் விடப்போறேன் பெரியம்மா. அந்த இடத்தத் தொட்டாலும் பட்டன் அமுந்தும்."

அந்த இடத்துக்குப் பேடிங் என்று பெயர். திரையின் புள்ளிக் கணக்கில் ஐந்து, பத்து என்று வைத்துப் பார்த்து, கடைசியில் நாலு பக்கமும் பதினெட்டுப் புள்ளியில் நிறுத்தினாள். இரண்டு பட்டனுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் சும்மா கிடந்தது. அன்று சாயங்காலம் நூற்றுப் பதின்மூன்று பேர் அழுத்தினார்கள். ஒருவருக்கும் தவறவில்லை.

ஆலை முதலாளிக்குக் காட்டும் நாளுக்கு முந்தின நாள் ஜெயச்சந்திரன் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, எருமை மாடு மாதிரி பட்டன்? ஆலை லோகோ மேல பெருசா வரணும். நம்ம கம்பெனி பேரு கீழ வரணும். எடம் எங்க இருக்கு?"

"சார், அவுகளுக்குப் பெரிய விரலு. பவுடர் வேற ஒட்டியிருக்கும்."

"அவுகளுக்காகவா விக்கிறோம்? முதலாளிக்கு விக்கிறோம்."

பதினெட்டை அழித்து அவரே மூன்று என்று அடித்தார். இரண்டு பட்டன்களும் ஒட்டிக்கொண்டன. மறுநாள் முதலாளி முன்னால் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு அழுத்தச் சொன்னார்கள். அவள் தொட்டுவிட்டு விலகியதும் ஜெயச்சந்திரன் கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைத்தார். ஒரு தடவை துடைத்தது போதாமல் வாயால் ஊதி மறுபடி துடைத்தார். முதலாளி சிரித்தார். முத்துப்பேச்சி கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். இசைவாணி போனின் ஒயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு நாள், வெயிலில் காயப்போட்டிருந்த சரக்கு பற்றிக்கொண்டது. சங்கு ஊதியதும் எல்லோரும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். வாசல் எழுத்தர் ஒச்சப்பன் போனைப் பார்த்தார். உள்ளே நூற்றுப் பன்னிரண்டு பேர் என்றது. தலைகளை எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு.

"முத்துப்பேச்சியக்காவக் காணோம்!" என்று கத்தினாள் அவளோடு ஒரே அறையில் வேலை பார்க்கும் பாண்டிமீனா. "குழாய் எடுக்கக் கிடங்குக்குப் போனாக, வரலியே!"

"அந்தப் பொம்பள காலைல எட்டு மணி ஏளு நிமிசத்துக்கே வெளிய போயிருச்சு. இந்தா பாரு, மிஷின்ல இருக்கு."

"என் பக்கத்துல உக்காந்து வேல பாத்தாகய்யா!"

"மிஷின் பொய் சொல்லுமா? நீ ஓரமா நில்லு."

பாண்டிமீனா உள்ளே ஓடப் பார்த்தாள். இரண்டு பேர் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். தீயணைப்பு வண்டி வந்தபோதும் ஆலைத் தரப்பில் எல்லோரும் வெளியே வந்தாயிற்று என்றே சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போன வீரர் ஒருவர்தான் கிடங்கின் பின்னால் வாய்க்காலுக்குள் முனகலைக் கேட்டார். கணுக்கால் முறிந்து, புகை குடித்து, அரை நினைவில் கிடந்தாள் முத்துப்பேச்சி. காலையில் அவள் 'உள்ளே' என்று நினைத்து அழுத்திய விரல் 'வெளியே'யின் மேல் விழுந்திருக்கிறது. எதை அழுத்தினாலும் போன் ஒரே மாதிரிதான் 'பீப்' என்று கத்தும்.

மறுநாள் ஜெயச்சந்திரன் இசைவாணியை அறைக்குக் கூப்பிட்டார். "ஆலையில ரிப்போர்ட் கேக்குறாக. தொழிலாளி தவறா அழுத்தினது, புரோகிராம்ல குத்தம் இல்லைன்னு எழுதிக் குடு."

"பேடிங்க நீங்க கொறைச்சீக சார்."

"அது டிசைன். படிக்காத பொம்பள தப்பா அமுக்குனதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

டீயை உறிஞ்சிக்கொண்டே அதைச் சொன்னார். பிஸ்கட் துகள் மீசையில் ஒட்டியிருந்தது. அந்த வாயைப் பார்க்கவே இசைவாணிக்குச் சகிக்கவில்லை. இவர் திரையைத் துடைத்த அன்று தான் குனிந்துகொண்டு நின்றதை நினைத்து அவளுக்குத் தன் மேலும் அருவருப்பாக இருந்தது. இருக்கைக்குப் போய் ரிப்போர்ட் எழுதினாள். பதினெட்டு என்று இருந்ததை எந்தத் தேதியில் யார் மூன்றாக்கினார் என்று எழுதி, இரண்டு திரைகளின் படத்தையும் சேர்த்து, நேரே ஆலைக்குக் கொண்டுபோய் மேலாளரிடம் கொடுத்தாள். அவர் வாசித்துவிட்டு மடித்து மேசை இழுப்பறையில் போட்டார்.

"சரிம்மா. இத வெளிய யாருகிட்டயும் பேசிக்கிட்டுத் திரியாதீக."

அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். முத்துப்பேச்சி கட்டுப் போட்ட காலை மெல்ல நகர்த்தி, கட்டிலில் அவள் உட்கார இடம் விட்டாள்.

"நான் தப்பா அமுக்கிட்டேன்னு எம் புருசங்கூட ஏசிட்டுப் போறாரு தாயி," என்றாள். "நீயாவது வந்து சொன்னியே."

இசைவாணி அன்றே வேலையை விட்டாள். இரண்டு மாதத்தில் மதுரையில் வேறு கம்பெனியில் சேர்ந்தாள்.

தீபாவளி கழிந்த பின் பாண்டிமீனாவிடமிருந்து செய்தி வந்தது. வாசல் போனில் பட்டன் பெரிதாகிவிட்டதாம். ஜெயச்சந்திரன் புதிதாக நோட்டீஸ் அச்சடித்து ஆலை ஆலையாகக் கொடுக்கிறாராம். ஊருக்குப் போனபோது இசைவாணி அதில் ஒன்றைப் பார்த்தாள். 'பெருவிரல் வசதி, எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு' என்று போட்டு, பட்டனில் கைவைத்துச் சிரிக்கும் ஜெயச்சந்திரனின் படம். திரையில் இருந்தது அவள் வரைந்த அதே எழுத்து. சுற்றிலும் அதே பதினெட்டுப் புள்ளி.

அதைக் கிழித்துப் போட்டாள். அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்தப் புரோகிராம் எந்த ஆலையிலும் விலைபோகக் கூடாது என்று மட்டும் அவளால் நினைக்க முடியவில்லை. அங்கெல்லாம் காலையில் வரிசையில் நிற்கிற பெண்களின் விரல் சரியான இடத்தில் விழவேண்டியிருந்தது.