உள்ளே கம்பி இல்லாத மரம்

எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்த பிறகுதான் யோகராஜ் வாய் திறப்பார். நினைவு தெரிந்த நாளிலிருந்து தாய்மாமனின் இந்தப் பழக்கத்தை நிலூஷா பார்த்து வருகிறாள். புது வீட்டுக் கதவு, கோயில் தூண், சொந்தத் தகப்பனின் சவப்பெட்டி எதுவும் தப்பியதில்லை. "பலகை மெல்லிசு, ஏமாத்திட்டானுங்க" என்று அவர் சவப்பெட்டியைத் தட்டிச் சொன்னபோது, அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டார்கள். அவள் பட்டம் வாங்கிய படத்தைச் சுவரில் மாட்டியபோதும் தட்டினார். கண்ணாடியைத்தான், படத்தை அவர் பார்க்கவேயில்லை.

ஹந்தானை தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி, பல்லேகலயில் வேலைத்தளம் போட்டவர் அவர். சீமெந்தில் பட்டை கீறி, கணு வைத்து, மண்ணிறம் பூசி, மரக்கட்டை போலவே உட்காரும் வாங்கு செய்து ஹோட்டல் தோட்டங்களுக்கு விற்பார். அவர் உலகில் இரண்டே பொருள்கள்தான் இருந்தன: அவர் செய்த சீமெந்து, மற்றவன் கெடுத்த சீமெந்து. நிலூஷா அவரைச் சின்ன வயதிலிருந்தே மதித்ததில்லை. பட்டம் அதற்கு ஒரு நியாயத்தை மட்டும் கொடுத்திருக்கிறதோ என்று சில நேரம் தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் பிடிக்காது, கேள்வியை விட்டுவிடுவாள்.

குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். படித்தது கல்லையும் மண்ணையும் பற்றிய புவிச்சரிதவியல், வேலை இல்லை, டியூசன் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், பார்க்க வருபவர்களுக்கு விளக்க ஆள் தேடிய தர்ஷனா என்ற பெண்ணின் அழைப்பு வந்தது. தன் தகப்பன் சேர்த்துவைத்த புதைபடிவங்களையும் கல்லாகிப்போன மரமொன்றையும் புத்தளம் வீதியில் இருந்த தன் தோட்டத்தில் காட்சிக்கு வைக்கப்போகிறாளாம்.

"ஒருக்கா பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நீங்கள் விளங்கப்படுத்துறதைப் பாத்திட்டு வேலையைப் பற்றிக் கதைப்பம்."

நிலூஷா மாமாவிடம் கேட்டது வேனை மட்டும்தான். ஞாயிறு காலை அவரே வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"டிரைவர் லீவு புள்ள. என்னா, கல்லு பாக்கவா இம்புட்டுத் தூரம்? ஹந்தானையில இல்லாத கல்லா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

தோட்டத்தில் எல்லாம் நன்றாகவே போனது. கல்லில் பதிந்த இலையையும் சிப்பிகளையும் அவள் விளக்க, தர்ஷனா தலையாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். கடைசியாக மரம். நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் நுண்ணிய கலங்களுக்குள் புகுந்து உறைந்த கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. டக், டக்.

"நல்ல வேலை. கலரு பிரமாதம். யாரு மிஸ் செஞ்சது?"

"ஒருத்தரும் செய்யேல்லை. இது கல்லாப்போன மரம்," என்றாள் தர்ஷனா.

"எங்கிட்டயே கத சொல்றீங்களே! நானும் இந்தத் தொழில்தான். உள்ள கம்பி போடல, அதான் இந்த எடத்துல வெடிச்சிருக்கு. காட்டுறேன் பாருங்க."

காற்சட்டைப் பையிலிருந்து சின்னச் சுத்தியல் வெளியே வந்தது. 'மாமா' என்று கத்த நிலூஷாவின் வாய் திறந்தது. பக்கத்தில் தர்ஷனா நின்றாள். வாய் மூடிக்கொண்டது. அதற்குள் அடி விழுந்து, உள்ளங்கையளவு துண்டொன்று தெறித்தது.

அவர் குனிந்து உடைந்த இடத்தில் கம்பியைத் தேடினார். அங்கும் மரத்தின் ஆண்டு வளையங்கள்தான் இருந்தன.

"உள்ளயும் கோடு போட்டிருக்கான்," என்றார் மெதுவாக. "எவன் பாக்கப் போறான்னு இவ்வளவு மெனக்கெட்டான்?"

தர்ஷனாவின் முகம் சிவந்திருந்தது. "இவர் ஆர்? உங்கட ஆளோ?"

"வேன்காரர்," என்றாள் நிலூஷா.

அவருக்கு நன்றாகக் கேட்டது. துண்டைக் கைலேஞ்சியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "எங்கிட்ட பசை இருக்கு மிஸ். கொண்டாந்து ஒட்டித் தர்றேன். வேன்காரன் சொன்னா சொன்னதுதான்." தர்ஷனா கையை நீட்டுமுன் வேனுக்குப் போய்விட்டார்.

"அந்தத் துண்டு வரட்டும். வேலையைப் பற்றிப் பிறகு கதைப்பம்," என்றாள் தர்ஷனா.

திரும்பும்போது நிலூஷா முன்னிருக்கையின் கதவைத் திறந்தாள். "வேன்காரன் பக்கத்துல எதுக்கு? பின்னுக்கு ஏறு."

அதன் பிறகு கேட்டபோதெல்லாம், "அச்சு எடுத்துட்டுத் தர்றேன்" என்றார். அச்சும் எடுத்தார். அவருடைய வாங்குகளின் முனைகளில் வளையங்கள் முளைத்தன. ஹோட்டல்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மாலைதீவிலிருந்தும் வேலைக்கு ஆள் வந்து கூப்பிட்டான். அவர் புறப்படும் நாளில் அவள் வேலைத்தளத்துக்கு ஓடினாள்.

"துண்டு எங்க மாமா?"

"ஒரு வாங்குல கணுவா வச்சிட்டேன் புள்ள. அச்சா பொருந்துச்சு."

"எந்த வாங்குல?"

"நல்லதுல." பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு வேனில் ஏற்றினார்.

போனவர் இன்னும் வரவில்லை. கண்டி ஹோட்டல் தோட்டங்களில் சீமெந்து வாங்குகளின் முனைகளைத் தட்டிக்கொண்டு நின்று, காவலாளிகளிடம் நிலூஷா ஏச்சு வாங்கியிருக்கிறாள். தர்ஷனா இடைக்கிடை அழைப்பாள்.

"அந்தத் துண்டு?"

"வேன்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன் மிஸ்."