ஃபோர்மேன் செல்வமணிக்கு ஒரு இன்வர்ட் சலான்

1. கேட்

திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனி. ஆள், இயந்திரம், கேட் எல்லாவற்றையும் கவனிக்கும் எங்கள் மென்பொருள் ஓடத் தொடங்கிய முதல் காலையிலேயே ஃபோர்மேன் செல்வமணி அண்ணனை கேட் உள்ளே விடவில்லை. கார்டைத் தேய்த்தால், "இயந்திரம். சர்வீஸ் தேதி தாண்டியது. இயக்கக் கூடாது" என்று திரையில் வந்தது.

"இன்னா நைனா இது? பதினெட்டு வருசமா வந்துகினு கீறேன். நான் மெஷினா?"

உள்ளே பம்ப் வாங்க வந்த வெளியூர் பார்ட்டி இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காத்திருந்தது. பம்பை ஓட்டிக் காட்டத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். முதலாளி என்னிடம் வந்தார்.

"பத்து மணிக்குள்ள அவர் உள்ள வரணும். இல்லேன்னா உங்க சாஃப்ட்வேர் வெளிய போகணும்."

என் தலைமையில் நடந்த முதல் புராஜெக்ட் அது. லேப்டாப்பைத் திறந்து விதிகளைத் தேடினேன்.

2. விதி

எங்கள் மென்பொருளுக்கு அடிப்படை ஆன்டாலஜி. பெரிதாக ஒன்றுமில்லை. எது என்ன வகை, எதற்கும் எதற்கும் என்ன உறவு என்பதை புரோகிராமுக்குள் புதைக்காமல் வெளியே விதிகளாக எழுதி வைப்பது. தொழில் மாறினால் விதியை மாற்றினால் போதும்.

எது மெஷின் என்று அண்ணனிடம்தான் கேட்டிருந்தேன். "ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சதெல்லாம் மெஷினு" என்றார். எனக்கு ஏக சந்தோஷம். பொட்டு இருப்பது இயந்திரம் என்று அப்படியே எழுதினேன். ஊழியர் படிவத்தில், அங்க அடையாளம் என்ற இடத்தில், அவர் "நெற்றியில் பொட்டு" என்று எழுதியிருந்தார். மென்பொருள் இரண்டையும் சேர்த்து, அவரும் இயந்திரம், அதுவும் பதினெட்டு வருடமாக சர்வீஸே ஆகாத இயந்திரம் என்று தானே முடிவு கட்டிவிட்டது. மனிதன் இயந்திரம் ஆக முடியாது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. யார்தான் எழுதுவார்கள்?

விதியைத் திருத்த ஃபோர்மேன் ஒப்புதல் தர வேண்டும். ஃபோர்மேனோ இப்போது இயந்திரம். அந்த உரிமையை முதலாளி பெயருக்கு மாற்ற மதியம் ஆகிவிடும்.

3. சலான்

வழி சொன்னவர் வாட்ச்மேன். "சர்வீஸ் முட்ச்சி வர்ற மெஷினுக்கு இன்வர்ட் சலான் போட்டா கேட்டு தொறக்கும் சார்."

உள்ளே வரும் சரக்குக்குப் போடும் சீட்டு அது. போட்டோம். "ஃபோர்மேன். எண்ணிக்கை ஒன்று. சர்வீஸ் முடிந்தது." கேட் திறந்தது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

மதியம் விதியைத் திருத்த உட்கார்ந்தபோது அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"மெஷினுக்கு மாசம் ஒரு நாள் நிறுத்தி ரெஸ்ட்டு குடுக்கணும்னு எழுதிகீறியே, அத்த மட்டும் எட்த்துடாத. எனக்கு யாரும் அப்டி எழுதுனதில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊழியர் வேறு, இயந்திரம் வேறு என்று பிரித்தேன். இரண்டுக்கும் மேலே "உழைப்பவை" என்று ஒரு வகை வைத்து, ஓய்வு விதியை அங்கே ஏற்றினேன். ஒரே வரி. முதலாளி படிக்காமலே ஒப்புதலை அழுத்தினார்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விடுகிறீர்களே, அதை முதலில் எழுதுங்கள்.

அடுத்த மாதம் அண்ணனுக்கு முதல் ஓய்வு நாள். காலை எட்டு மணிக்கே போன் செய்தார்.

"ஊட்ல குந்திகினு இன்னா நைனா பண்றது?"