இரண்டு தீவும் மூன்று பத்து பஸ்ஸும்

எனக்குக் கல்யாணம் ஆன வாரத்திலேயே மேற்கிந்தியத் தீவுகளில் பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் மார்த்தினிக் தீவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என் அம்மாவின் தம்பி. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஓய்வு பெற்று, உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல அந்தத் தீவுக்குப் போய்த் துறைமுகத்தில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளையும் பொண்ணும் தேனிலவுக்கு இங்கே வந்துவிடுங்கள். கப்பல் டிக்கெட் என்னுடைய கல்யாணப் பரிசு. ஆனி பிறந்து கார்த்திகை வரை இங்கே ஆள் வரத்து கிடையாது. வீடெல்லாம் காலி, படகெல்லாம் காலி. தீவுக்குத் தீவு படகு போகிறது, நாலைந்து தீவு பார்க்கலாம்" என்று எழுதியிருந்தார். ஏன் ஆள் வரத்து கிடையாது என்பதைக் கடிதத்தின் ஓரத்தில், இடமில்லாமல் நெருக்கி, "கொஞ்சம் காற்று அடிக்கும்" என்று முடித்துவிட்டார்.

என் அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"தேனிலவுன்னா இன்னாடி?"

"கல்யாணம் ஆனதும் புருஷனும் பொண்டாட்டியும் மட்டும் தனியா ஊருக்குப் போறதும்மா."

"யார் வூட்டுக்கு?"

"யார் வூட்டுக்கும் இல்ல. சும்மா."

"சும்மா போறதுக்கு எதுக்குடி கப்பலு?" என்றாள் அம்மா.

உண்மையைச் சொன்னால் எனக்கும் கப்பல் தேவையாக இருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு தாழ்ப்பாள். செஞ்சியில் என் மாமியார் வீட்டில் எட்டுப் பேர். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று பெரிய மனது பண்ணி எங்களுக்கு வேர்க்கடலை மூட்டை போட்டிருந்த அறையைக் கொடுத்திருந்தார்கள். அந்த அறைக்கதவு மூட்டையில் இடித்துப் பாதியில் நின்றுவிடும். பாதிக் கதவு வழியாக மாமியார் கடலை எடுக்க வருவார், நாத்தனார் சீப்புத் தேட வருவாள், கோழி சும்மாவே வரும். நானும் என் கணவரும் ஒரு முழு வாக்கியம் பேசி முடித்ததாக எனக்கு நினைவில்லை. அதனால் மாமாவின் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியதெல்லாம், நாலு பக்கமும் கடல் இருந்தால் கோழி வராது என்பதுதான்.

என் கணவர் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். கழுத்தில் விசில், கையில் நோட்டு, காதில் பென்சில். திண்டிவனம் வண்டியோ திருவண்ணாமலை வண்டியோ, அவர் விசில் ஊதினால்தான் நகரும். ஒரு நிமிஷம் முன்னால் எடுத்தாலும் டிரைவரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். "போயிட்டு வரேன்" என்று சொல்ல மாட்டார், "ஒண்ணு இருபதுக்கு வரேன்" என்பார். ஒன்று இருபதுக்கு வாசலில் நிற்பார். எங்கே போவதென்றாலும் ஒரு வண்டி தவறினால் அடுத்த வண்டி, அதுவும் தவறினால் மாற்று ஏற்பாடு என்று மூன்று அடுக்காக எழுதி வைத்துக்கொள்வார். இத்தனைக்கும் மனிதர் அதுவரை திண்டிவனத்தைத் தாண்டிக் கிழக்கே போனதில்லை, கடலைப் பார்த்ததுமில்லை.

மாமா கடிதத்தோடு படகு நேரங்கள் அச்சடித்த தாள் ஒன்றை வைத்திருந்தார். எல்லாம் பிரெஞ்சு. ஆனால் மணி எந்த ஊரிலும் மணிதானே. என் கணவர் அதைக் கடலை மூட்டைமேல் விரித்து வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தார். நான்காம் நாள் கோபமாக நிமிர்ந்தார்.

"இந்தா, இதப் பாரு. ஒரு போட்டு பதினொண்ணு நாப்பதுக்கு வந்து சேருது. அடுத்த தீவுக்குப் போற போட்ட பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கே எடுத்துட்றான். அஞ்சு நிமிஷத்துல கனெக்‌ஷன் போச்சு. பாசஞ்சர் இன்னா பண்ணுவான், நீந்துவானா?"

"அதுக்கு நாம இன்னாங்க பண்றது?"

"எழுதிப் போடணும்" என்றார்.

எழுதியும் போட்டார். அந்தத் தீவின் படகு ஆபீசுக்கு, சுத்தமான தமிழில், ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று ஆரம்பித்து, பதினொன்று முப்பத்தைந்து வண்டியை (படகு என்று எழுதக் கை வரவில்லை) பத்து நிமிஷம் தள்ளி எடுக்கும்படி கேட்டுக்கொண்டார். மாமாவின் அடுத்த கடிதத்தில் பதில் இருந்தது. "மாப்பிள்ளை கடிதத்தை ஆபீசில் கொடுத்தேன். யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஸ்டாம்ப் அழகாக இருப்பதாகச் சொல்லிக் கிழித்து எடுத்துக்கொண்டார்கள்."

இப்படியாக எங்கள் திட்டம் முன்னேறிக்கொண்டிருந்தபோது என் அம்மா குறுக்கே விழுந்தாள். அவள் என் பிறந்த ஊரான சிங்கவரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, மாமியார் வீட்டில் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆனியில கிளம்பினா அங்க போய்ச் சேரும்போது இன்னா மாசம்?"

என் கணவர் நோட்டைப் பார்த்துவிட்டு உற்சாகமாகச் சொன்னார். "ஆடி பொறந்துடும் அத்தை. ஒரு மாசம் கடல்லயே போயிடும்."

கடலை உரித்துக்கொண்டிருந்த மாமியார் கையை நிறுத்தினார். புதுப்பெண் முதல் ஆடிக்குத் தாய்வீட்டில் இருக்க வேண்டும், புருஷன் பக்கத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. இது தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் யாருமில்லை. உலகத்துப் பஸ்ஸையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் ஆளுக்கு இது மட்டும் மறந்துபோயிருந்தது.

"நாம கோயிலுக்குப் போற கிறிஸ்தவங்க, நமக்கு எதுக்கும்மா ஆடி?" என்று கேட்டுப் பார்த்தேன். "சாமியாரே அப்படி ஒண்ணும் சட்டமில்லன்னு சொல்லியிருக்காரு."

"சாமியாருக்குப் பொண்ணா இருக்குது, கவலைப்பட?" என்றாள் அம்மா. "கடல் தாண்டினாலும் ஆடி ஆடிதான். அந்த ஊர்லயும் ஆள் வராத மாசம், காத்து அடிக்கிற மாசம்னு உன் மாமனே எழுதியிருக்கான். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். அங்கேயும் ஆடிதான் அது!"

இதற்குப் பதில் சொல்ல எங்கள் யாருக்கும் பூகோளம் போதவில்லை. திட்டம் அங்கேயே செத்திருக்கும். ஆனால் டைம் கீப்பருக்குக் கனெக்‌ஷன் தவறினால் மாற்று ஏற்பாடு இல்லாமல் போகுமா? மறுநாள் ஒன்று இருபதுக்குச் சாப்பிட வந்தவர் ஒரு தாளோடு வந்தார்.

"அத்தை சொன்னதும் நடக்கும், ஹனிமூனும் நடக்கும்" என்றார். "உன் மாமா இருக்கிற தீவுல நீ இரு. மாமா வூடு தாய்வூடு மாதிரிதானே? நான் பக்கத்துத் தீவுல ரூம் எடுத்துக்கறேன். வாரத்துல ரெண்டு நாள் போட்டு இருக்குது. காலையில வந்து உன்னப் பாத்துட்டு, சாப்ட்டு, சாயங்கால போட்டுல போயிட்றேன். ஆவணி ஒண்ணாந்தேதி பொட்டியோட வந்துட்றேன்."

மாமியார் "இதான் மூளை" என்றார். தகவல் சிங்கவரம் போய், அம்மாவும் சம்மதம் என்று சொல்லி அனுப்பினாள். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் கைகொடுத்தார்களாம். தெருவே மெச்சிய அந்தத் திட்டத்தில் ஆளுக்கொரு தீவில் தேனிலவு என்பது என் ஒருத்தி கண்ணுக்குத்தான் தெரிந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "இந்தக் கூத்துக்கு நான் இங்கேயே கோழியோட இருந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவருக்கு என்ன தப்பு செய்தோம் என்றே விளங்கவில்லை. இரண்டு நாளும் ஒன்று இருபதுக்குச் சரியாக வந்து, நான் சோறு போடும் வேகத்தைக் கவலையோடு பார்த்தார்.

பாஸ்போர்ட் என்று ஒன்று வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிய வந்தபோது ஆனி முடிந்துவிட்டது. சரி, ஆவணியில் போகலாம் என்று தள்ளி வைத்தார்கள். ஆடி முதல் நாள் அம்மா வந்து, மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் கலந்த ஆடிப்பாலை டம்ளரில் கொடுத்துவிட்டு, என்னைச் சிங்கவரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செஞ்சிக்கும் சிங்கவரத்துக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான், சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே போய்விடலாம். ஆனால் அந்த ஆடியில் அது எனக்குக் கடலாகத்தான் இருந்தது. அவரை எவ்வளவு தேடினேன் என்பதை வெட்கப்படாமல் சொல்கிறேன். அந்த விசில் சத்தம் கேட்குமா என்று கொல்லையில் நின்று காற்றைக் கேட்டிருக்கிறேன்.

அவர் தன் தீவுத் திட்டத்தை அப்படியே இங்கே ஓட்டினார். வார விடுமுறை நாளில் பன்னிரண்டு நாற்பது பஸ்ஸில் வருவார். அம்மா பரிமாறுவாள், அம்மா நடுவில் உட்காருவாள், அம்மா பேசுவாள். மூன்று பத்து பஸ்ஸுக்கு மூன்று மணிக்கே எழுந்து செருப்பு மாட்டுவார். "வரட்டா?" என்று என்னைப் பார்ப்பார். அவ்வளவுதான் தேனிலவு.

இரண்டாவது முறை வந்தபோது மூன்று மணி ஆயிற்று, ஆள் எழுந்திருக்கவில்லை. மூன்று ஐந்து. இன்னொரு வடை கேட்டார். மூன்று எட்டுக்கு ஊர் முனையில் ஹாரன் கேட்டது.

"வண்டி வந்துடுச்சுங்க" என்றேன்.

"வரட்டும்."

"எடுத்துடுவாங்க!"

"எடுக்கட்டும்" என்று வடையைப் பிய்த்தார்.

பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. என் கணவர் ஒரு பஸ்ஸைத் தவற விட்டுவிட்டார்! அம்மா பயந்து எழுந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அத்தை, மறந்தே போச்சு" என்றார் அவர். "பாஸ்போர்ட்டுக்கு நானும் அவளும் போட்டோ எடுக்கணும். செஞ்சி ஸ்டூடியோவுல வெயில் இருக்கும்போதே எடுத்தாத்தான் முகம் தெரியும்னான். நம்ம வூட்டு சைக்கிளக் குடுங்க, கூட்டிட்டுப் போய்ட்டு விளக்கு வைக்கிறதுக்குள்ள கொண்டாந்து விட்டுட்றேன்."

அம்மா யோசித்தாள். ஆடியில் போட்டோ எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. கடைசியில், "ஒட்டி நிக்காதீங்க. நடுவுல ஒரு நாற்காலி போட்டுக்குங்க" என்று நிபந்தனை போட்டு, சைக்கிளுக்குக் காற்றும் அடித்துக் கொடுத்தாள்.

நான் கேரியரில் உட்கார்ந்தேன். ஆடிக் காற்று பக்கவாட்டில் அடித்துச் சைக்கிளைக் கடலைக் கொல்லைப் பக்கம் தள்ளியது. புடவை ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். என் ஒரு கை புடவையைப் பிடித்தது, இன்னொரு கை அவர் சட்டையை. ரோட்டில் ஆளே இல்லை. ராஜகிரிக் கோட்டைமேல் மேகம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோ வந்தது. சைக்கிள் நிற்கவில்லை.

"ஸ்டூடியோ போயிடுச்சுங்க!"

"பாத்தேன்" என்று இன்னும் அழுத்தி மிதித்தார்.

வீட்டு வாசலில் பூட்டு தொங்கியது. மாமியார் வீட்டில் எல்லோரும் பக்கத்து ஊர் அன்னம்மாள் கோயில் தேருக்குப் போயிருந்தார்கள். சாவி இவர் சட்டைப்பையில். உள்ளே போனதும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில், அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது:

12.40 சிங்கவரம் வருகை.
3.10 வண்டியைத் தவற விடுதல்.
3.15 போட்டோ பேச்சு.
3.30 சைக்கிள்.
3.55 வீடு.
5.45 திரும்புதல்.
6.45 தேருக்குப் போனவர்கள் வண்டி வரும்.

வழக்கமாக அடியில் "தவறினால்" என்று எழுதி இரண்டு மூன்று மாற்று ஏற்பாடு போடுவார். இதில் "தவறினால்" என்று மட்டும் இருந்தது. எதிரே ஒன்றும் எழுதவில்லை.

தாளை மடித்து இடுப்பில் செருகினேன். மூட்டையைக் காலால் தள்ளினேன், நகரவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து தள்ளினோம். கதவை முழுசாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கோழி வெளியே நின்று கொஞ்ச நேரம் கத்திவிட்டுப் போய்விட்டது.

விளக்கு வைப்பதற்கு முன்னால் சிங்கவரம் வந்துவிட்டோம். "போட்டோ எங்கடி?" என்றாள் அம்மா. "கழுவணும்மா, நாளாகும்" என்றேன். ஆவணியில் மாமியார் வீட்டுக்குத் திரும்பினேன். புரட்டாசியில் மாமாவின் கடிதம் வந்தது. கொஞ்சம் காற்று அடித்ததில் படகுத்துறை போய்விட்டதாம், படகெல்லாம் நிறுத்தமாம், அடுத்த வருஷம் பார்க்கலாமாம். "ஆள் இல்லாத சீசன்ல சர்வீஸ கட் பண்ணத்தான் செய்வாங்க" என்று இவர் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார். அம்மா மட்டும் பார்க்கும்போதெல்லாம் போட்டோவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் முழுகாமல் இருந்த செய்தி கேட்டு விரலை மடக்கி, "ஆவணியில போனவளுக்கு வைகாசி" என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

என் மூத்த மகள் சித்திரை முதல் வாரத்தில் பிறந்தாள். வெயில் கொளுத்தியது. "வண்டி கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு அத்தை" என்றார் அவர், என் பக்கம் திரும்பாமல். பிரசவம் பார்த்த நர்சம்மா சும்மா இருந்திருக்கலாம். "யார் சொன்னது? நல்லா முழு மாசக் கொழந்தைங்க" என்றார்.

அம்மா விசிறியைக் கீழே வைத்தாள். சித்திரையிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு விரலாக மடக்கினாள். ஆடியில் விரல் நின்றது. மருமகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பன் மூக்கை அப்படியே வைத்துக்கொண்டு தூங்கிய குழந்தையைக் குனிந்து பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல வசவு ஒன்று வரும் என்று காத்திருந்தேன்.

விசிறியின் காற்றுத்தான் வந்தது.

"போட்டோ நல்லாத்தான் வுழுந்துருக்குது" என்றாள் அம்மா.